அரியணையின் கதையும் அவையோரின் சிரிப்பும்

வேலைமுறை மாறும் அந்திப் பொழுதில் வரதய்யபாளையத்துத் தேநீர்க் கடைகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கும். தடாவிலிருந்து காளத்திக்குச் செல்லும் சாலையில் அமைந்த இவ்வூர், நேற்றுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்தில் இன்று இருக்கிறது. பக்கத்திலுள்ள சத்தியவேடு வட்டாரமோ 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாகும். எல்லைக்கோடு நகர்ந்தது, மக்களின் நாவிலிருந்து தமிழ் நகரவில்லை. வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா ஆகிய மூன்று மண்டலங்களின் நிலப்பரப்பில் 2008இல் தொடங்கப்பட்ட ஸ்ரீசிட்டி தொழில் நகரம் விரிந்து கிடக்கிறது. 2015இல் அங்கே செல்பேசிகளை இணைக்கும் வேலையும் தொடங்கியது. எல்லைக்கு இருபுறமிருந்தும் வரும் இளைஞர்கள் அங்கே வேலை செய்கின்றனர்.

இந்த இளைஞர்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? கூலியைப் பற்றியும் மிகைநேர வேலையைப் பற்றியும் பேசுகிறார்கள். ஒப்பந்தக்காரர் பிடித்தம் செய்த தொகையைப் பற்றிப் பேசுகிறார்கள். அதே ஆர்வத்தோடு, சில வேளைகளில் அதனினும் மிகுந்த ஆர்வத்தோடு, தாங்கள் கைபேசியில் பார்த்த தொடர்களைப் பற்றியும் பேசுகிறார்கள். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டாவது சீசனைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். மூலநூலையே ஆசிரியர் இன்னும் எழுதி முடிக்கவில்லையே, தொடர் எடுத்தவர்கள் என்ன செய்வார்கள் என்று மற்றவர் கேட்பார். பேச்சு அங்கிருந்து ‘பொன்னியின் செல்வ’னுக்கும் ‘பாகுபலி’க்கும் தாவும். இந்த உரையாடலின் நடுவே துண்டறிக்கைக் கட்டோடு ஒரு தோழர் வந்து நிற்பதாகக் கொள்வோம். “இந்த ராஜா ராணிக் கதையெல்லாம் சோறு போடுமா தம்பி?” என்று கேட்டு, ஆளுக்கொரு துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டு அவர் நகர்ந்துவிடுகிறார். துண்டறிக்கை நான்காக மடிந்து சட்டைப் பைக்குள் போகிறது. உரையாடல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது.

தோழரின் கேள்வியில் தவறில்லை. அதற்குப் பின் அவர் நகர்ந்துவிட்டதே தவறு. ஓர் அரியணைக்கு யார் உரியவர் என்று பல மணி நேரம் வாதிடும் இளைஞர்கள் உண்மையில் அரசியலைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பேச்சில் இடதுசாரிகள் பங்கேற்காவிட்டால், செங்கோல் ஏந்தியபடி வேறு சிலர் வந்து அமர்ந்துகொள்வார்கள். அது ஏற்கெனவே நடந்தும்விட்டது.

முதல்நூலும் வழிநூலும்

ஒரு கதையை வேறொரு வடிவத்துக்கு மாற்றும்போது எது நிற்க வேண்டும், எது மாறலாம் என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, சுருக்கியும் விரித்தும் இரண்டையும் கலந்தும் மொழிபெயர்த்தும் வழிநூல் செய்யப்படும் என்று நால்வகை வகுக்கிறது. வான்மீகியின் கதையைக் கம்பன் தமிழ் மண்ணுக்கேற்ப மாற்றியபோது எழுந்த ஒப்பீட்டு விவாதம் இன்றுவரை பட்டிமன்ற மேடைகளில் ஓயவில்லை. தொலைக்காட்சித் தொடரைப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, இந்தப் பாத்திரத்தை ஏன் விட்டார்கள், அந்த முடிவை ஏன் மாற்றினார்கள் என்று கேட்கும் இளைஞர் அந்த மரபின் வாரிசே ஆவார். கதை தானாக விளைவதில்லை, யாரோ ஒருவர் ஒரு நோக்கத்தோடு அதைக் கட்டுகிறார் என்பதை அவர் அறிந்திருக்கிறார். திறனாய்வின் முதல் படி அதுதான்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிவரும் கற்பனை நாவல் வரிசையின் முதல் நூல் 1996இலும் ஐந்தாம் நூல் 2011இலும் வெளிவந்தன. ஏழு நூல்களாகத் திட்டமிடப்பட்ட அந்த வரிசை இன்னும் நிறைவுறவில்லை. 2011இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒரு கட்டத்தில் நூல்களைக் கடந்து சென்று, 2019 மே 19 அன்று முடிவுற்றது. கடைசிப் பருவத்தைத் திறமையான எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடியும் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். ஒரு காட்சியில் மேசைமீது தவறுதலாக விடப்பட்டிருந்த இக்காலக் காப்பிக் கோப்பை உலகச் செய்தியாயிற்று.

தமிழகத்தில் இதற்கு இணையான அலை 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாட்களில் மணிரத்னம் இயக்கத்தில் ‘பொன்னியின் செல்வன்’ இரண்டு பாகங்களாக வெளியானபோது எழுந்தது. ஐந்து பாக நாவலை இரண்டு படங்களுக்குள் அடக்கியது சரியா, மணிமேகலை எங்கே போனாள், ஆதித்த கரிகாலனின் இறுதியை ஏன் மாற்றினார்கள் என்று வீடுதோறும் விவாதம் நடந்தது. மூன்று தலைமுறையினர் ஒரே புத்தகத்தைப் பற்றிப் பேசினார்கள். படிப்புப் பழக்கம் செத்துவிட்டது என்று புலம்புவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

மாலை தொடுத்தவனும் மதில் காத்தவனும்

கல்கியின் நாவலைப் படித்தவர்கள் படத்தின்மீது வைத்த குறைகளுள் முக்கியமான ஒன்று சேந்தன் அமுதனைப் பற்றியது. மலர் பறித்து மாலை தொடுத்துக் கோயிலுக்குக் கொடுத்து வாழும் எளிய இளைஞன் அவன். நாவலின் முடிவில், உண்மையான மதுராந்தகன் அவனே என்பது வெளிப்பட்டு, உத்தம சோழனாக முடிசூடுகிறான். படமோ இந்தத் திருப்பத்தைக் கைவிட்டு, தொடக்கத்திலிருந்தே மதுராந்தகனாக அறிமுகமானவருக்கே முடிசூட்டிவிட்டது. நாவலின் உயிரையே வெட்டிவிட்டார்கள் என்று பலர் வருந்தினர்.

மார்ட்டினின் கதையிலும் இதே முடிச்சு உண்டு. முறைப்படிப் பிறக்காதவன் என்று இகழப்பட்டு, வடக்கு மதிலைக் காக்கும் படையில் சேரும் ஜான் ஸ்னோ, உண்மையில் அரச மரபின் நேரடி வாரிசு என்பது தொடரின் இறுதிக் கட்டத்தில் வெளிப்படுகிறது. அந்தப் பிறப்பு இரகசியத்தால் கடைசியில் ஒரு பயனும் விளையவில்லையே என்பது ரசிகர்களின் பெரும் ஆதங்கம். தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர எடுக்கப்பட்டு 2015இலும் 2017இலும் வெளிவந்த ‘பாகுபலி’யிலும் மலையடிவாரத்து மக்களிடையே வளர்ந்தவன் அரசிளங்குமரனாகவே இருக்கிறான்.

மூன்று கதைகளும் மூன்று மண்ணில் பிறந்தவை. ஆனால் மூன்றும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. மாலை தொடுப்பவன் அரசனாகலாம், மதில் காப்பவன் அரசனாகலாம், மலையேறுபவனும் அரசனாகலாம். ஆனால் அவன் பிறப்பிலேயே அரசனாக இருந்திருக்க வேண்டும். எளியவரின் கண்ணுக்கு முன்னே ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, குருதியின் பெயரால் அதை மீண்டும் சாத்துகிறது இந்த முடிச்சு. சாதியைப் பிறப்பால் அளக்கும் நாட்டில் இந்தக் கதவு சாத்தப்படும் ஓசை பலருக்குக் கேட்பதே இல்லை என்பது வியப்பன்று. அது பழகிப்போன ஓசை.

பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்ற கேள்வி இரண்டாண்டுக் காலம் நாடெங்கும் ஒலித்தது. கட்டப்பா ஏன் அடிமையாக இருக்கிறான் என்ற கேள்வி அந்த அளவுக்கு ஒலிக்கவில்லை. முன்னோர் கொடுத்த வாக்குக்காகத் தலைமுறை தலைமுறையாக அரியணைக்குக் கட்டுண்ட மனிதன் அவன். அவனது அடிமைத்தனம் விசுவாசம் என்ற பெயரில் மெய்சிலிர்க்க வைக்கும் காட்சியாக்கப்பட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த நாட்டில்தான் இந்தக் கைதட்டல் எழுந்தது.

மார்ட்டினின் கதையில் அடிமைகளை விடுவிக்கும் டெனேரிஸ் என்ற அரசி கடைசியில் ஒரு மாநகரையே எரித்துச் சாம்பலாக்குகிறாள். இந்த மாற்றத்துக்குப் போதிய காரணம் காட்டப்படவில்லை என்று ரசிகர்கள் சினந்தனர். அந்தச் சினம் நியாயமானது. ஆனால் அதற்கும் அடியில் இன்னொரு செய்தி இருக்கிறது. விடுதலை பேசுவோர் எல்லாரும் இறுதியில் கொடுங்கோலராவர் என்னும் பழைய பாடமே அங்கே புதிய ஆடையில் வருகிறது. அந்த அடிமைகள் தங்கள் சங்கிலியைத் தாங்களே அறுத்திருந்தால், டிராகன்மேல் ஏறிவரும் ஓர் அரசியை அவர்கள் நம்பியிருக்க வேண்டியதில்லை என்ற பாடம் அங்கே கூறப்படவில்லை. அதைக் கூறும் பொறுப்பு யாருடையது?

காவிரிக் கரையில் ஒரே காலத்தின் இரண்டு கதைகள்

‘பொன்னியின் செல்வன்’ கல்கி வார இதழில் 1950 அக்டோபர் 29இல் தொடங்கி 1954இல் நிறைவுற்றது. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வந்தியத்தேவனோடு தொடங்கும் அந்தக் கதையை மணியம் வரைந்த ஓவியங்களோடு தமிழகம் வாரந்தோறும் காத்திருந்து படித்தது. கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஒத்துழையாமை இயக்கத்துக்காகப் பள்ளிப் படிப்பைத் துறந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவரது தமிழ் நடை எழுத்தறிந்த எளிய மக்களை நூலுக்குள் அழைத்து வந்தது. இவற்றை மறுப்பது நேர்மையாகாது.

அதே காலத்தில் அதே காவிரிக் கரையில் வேறொரு கதையும் நடந்துகொண்டிருந்தது. சாணிப்பால் புகட்டலுக்கும் சவுக்கடிக்கும் எதிராகத் தஞ்சை மண்ணின் பண்ணையாட்களை பி. சீனிவாசராவ் உள்ளிட்ட கம்யூனிஸ்ட் தலைவர்கள் 1940களில் திரட்டினர். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் காவல்துறையின் குண்டுகளுக்குப் பலியாயினர். அதற்கு ஐந்து மாதங்களுக்குப் பின்புதான் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தான். அவனது பயணம் பாதி கடந்திருந்த 1952இல், ராஜாஜி அமைச்சரவை தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவர நேர்ந்தது. உழுதவர்கள் நடத்திய போராட்டத்தின் விளைவு அது.

ஹங்கேரிய மார்க்சிய அறிஞர் லூகாச் 1930களில் எழுதிய ‘வரலாற்று நாவல்’ என்ற நூலில், வால்டர் ஸ்காட்டின் நாயகர்களைப் பற்றி ஒரு முக்கியமான கருத்தை முன்வைத்தார். அவர்கள் மாவீரர்கள் அல்லர், நடுத்தரமானவர்கள். அதனாலேயே அவர்களால் மோதிக்கொள்ளும் இரண்டு முகாம்களுக்கும் சென்றுவர முடிகிறது. வாசகரும் அவர்களோடு சென்று ஒரு காலத்தின் முரண்பாடுகள் அனைத்தையும் காண முடிகிறது. வந்தியத்தேவன் அத்தகைய நாயகன். ஓலை சுமந்து செல்லும் அவன் அரண்மனை, பாதாளச் சிறை, கடம்பூர் மாளிகை, கோடிக்கரை, ஈழம் என்று எங்கும் போகிறான். மாலை தொடுப்பவனையும் படகோட்டும் பூங்குழலியையும் சந்திக்கிறான். ஆனால் அந்த நெடிய பயணத்தில் உழுபவரின் சேரி அவன் செல்லும் இடமாக அமையவில்லை.

சோழர் காலத்தில் அப்படியொரு சேரி இல்லாமல் போயிற்றா? முதலாம் இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் விடை தருகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, வரி நீங்கிய இடங்களாகக் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவையும் குறிக்கப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொற்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களும் அதே கோயிலின் கல்லில் உள்ளன. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அறிய உடையார்குடிக் கல்வெட்டைத் தேடிச் செல்லும் ரசிகருக்கு, இந்தக் கல்வெட்டுகளைத் தேடிச் செல்லவும் ஆற்றல் உண்டு. அங்கே அவரை அழைத்துச் செல்ல ஆள் வேண்டும்.

அழைத்துச் செல்வதும் எளிதாக இல்லை. இராசராசன் காலத்து நில உடைமை பற்றியும் அதில் தலித் மக்கள் இழந்தவை பற்றியும் திருப்பனந்தாளில் பேசியதற்காக இயக்குநர் பா. ரஞ்சித் மீது 2019 ஜூனில் வழக்குப் பதியப்பட்டது. கற்பனைக் கதையில் மன்னனைக் கொல்லலாம். மேடையில் மன்னனின் நிலக்கணக்கைக் கேட்டால் வழக்கு வருகிறது.

அவையோர் ஏன் சிரித்தனர்?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் கடைசிப் பகுதியில் ஒரு காட்சி வருகிறது. போர் முடிந்து அரியணை வெற்றிடமாகிறது. எஞ்சிய பிரபுக்கள் கூடி அடுத்த அரசனைத் தேர்ந்தெடுக்க அமர்கின்றனர். சாம்வெல் டார்லி என்ற புத்தகப்பித்தன் தயங்கித் தயங்கி எழுந்து, ஆளப்போகிறவரை மக்கள் எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று கேட்கிறான். அவை சிரிக்கிறது. அப்படியானால் நாய்க்கும் வாக்குரிமை தரலாமா, குதிரையையும் கேட்டுப் பார்க்கலாமா என்று பிரபுக்கள் எள்ளி நகையாடுகின்றனர். சாம்வெல் நாணி அமர்கிறான். பின்னர் அந்தப் பிரபுக்களே ஓர் அரசனைத் தேர்ந்தெடுக்கின்றனர். மக்களை ஒன்றிணைக்கக் கதையைவிட வலியது ஏதுமில்லை என்பதே அந்தத் தேர்வுக்கு அவையில் சொல்லப்படும் காரணம்.

இந்தப் பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பான 2019 மே 19 அன்றுதான் இந்தியாவில் பதினேழாவது மக்களவைக்கான கடைசிக் கட்ட வாக்குப்பதிவு நடைபெற்றது. கோடிக்கணக்கான உழைக்கும் மக்கள் வெயிலில் வரிசையில் நின்று விரலில் மை வைத்துக்கொண்ட அதே நாளில், மக்களின் வாக்கு நகைப்புக்குரிய பொருளாகத் திரையில் காட்டப்பட்டது. நாளின் பொருத்தம் தற்செயலே. கடைசிப் பருவத்தை மாற்றக் கோரிய மனு அந்தப் பகுதி ஒளிபரப்பாகும் முன்பே பரவத் தொடங்கிவிட்டது. ஆகவே இந்தச் சிரிப்பைக் கண்டித்து மனு எழுதவில்லையே என்று ரசிகர்களைக் குறை கூற முடியாது. ஆனால் அந்தச் சிரிப்பு ஏன் அவையோருக்கு வந்தது, தமக்கும் அப்போது ஏன் சிரிப்பு வந்தது என்பதை ரசிகர்கள் தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம். நடுநிலைக்காரர் போலத் தோன்றும் படைப்பாளர்கள் அந்தச் சிரிப்பை பிரபுக்களின்மேல் வைத்த விமர்சனமாகவும் கருதியிருக்கக் கூடும். அப்படியே கொண்டாலும், அதன்பின் அந்தக் கேள்வி கதையில் மீண்டும் எழவே இல்லை.

அந்தச் சிரிப்பு கற்பனை நாட்டோடு நிற்பதில்லை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 2020 டிசம்பர் 10 அன்று அடிக்கல் நாட்டிய பிரதமர் மோடி, இந்திய ஜனநாயகத்தின் தொன்மைக்குச் சான்றாக உத்தரமேரூர்க் கல்வெட்டைக் குறிப்பிட்டார். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டு குடவோலை முறையை விவரிப்பது உண்மையே. ஆனால் அந்தக் குடத்தில் யாருடைய பெயரைப் போடலாம் என்பதையும் அது விவரிக்கிறது. வரி செலுத்தும் கால்வேலி நிலத்துக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவர், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர், வேதம் அறிந்தவர் என்று தகுதிகள் அடுக்கப்படுகின்றன. அது ஒரு பிரமதேய ஊரின் சபை. பெண்ணுக்கு அங்கே இடமில்லை, நிலமற்றவருக்கு இல்லை, சேரியில் வாழ்பவருக்கு இல்லை. அதைத் தேர்தலின் தாய் என்று கொண்டாடுவோர், 1950இல் அரசமைப்புச் சட்டம் அனைவருக்கும் வழங்கிய வாக்குரிமையின் பெருமையைத்தான் குறைத்துக் காட்டுகின்றனர்.

பின்னர் 2023 மே 28 அன்று அந்தக் கட்டடம் திறக்கப்பட்டபோது, சைவ ஆதீனங்கள் சூழ மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே செங்கோல் நிறுவப்பட்டது. 1947இல் ஆங்கிலேயரிடமிருந்து ஆட்சி மாறியதற்கான அடையாளமாகச் சோழ மரபின்படி அளிக்கப்பட்ட செங்கோல் என்று அரசுத் தரப்பு பரப்பிய கதைக்கு உறுதியான ஆவணச் சான்று காட்டப்படவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் திரைக்கு வந்து அன்றோடு சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. இதில் சூழ்ச்சி ஏதும் தேட வேண்டியதில்லை. திரையரங்கில் சோழர் பெருமையில் திளைத்துவிட்டு வந்த மனத்துக்கு, நாடாளுமன்றத்தில் செங்கோலைக் காணும்போது உறுத்தல் ஏற்படுவதில்லை என்பதே கவனிக்க வேண்டியது. 2025 ஜூலை 27 அன்று கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்த பிரதமர், இராசராசனுக்கும் இராசேந்திரனுக்கும் தமிழகத்தில் சிலைகள் எழுப்பப்படும் என்று அறிவித்தார். கதையைவிட வலியது ஏதுமில்லை என்ற வசனத்தின் பொருளை ஆளும் கூட்டம் நன்கு அறிந்திருக்கிறது.

கதையின் தொழிலாளர்கள்

2022 செப்டம்பரில் டோல்கீனின் உலகை அடிப்படையாகக் கொண்ட ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடர் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளிலும் ஒலிமாற்றம் செய்யப்பட்டு வெளியானது. அதில் கறுப்பின நடிகர்கள் நடித்ததற்காக இனவெறித் தாக்குதல் கிளம்பியது. தொடரில் நடித்தவர்கள் ஒன்றுசேர்ந்து கண்டன அறிக்கை வெளியிட்டனர். மார்ட்டினின் மற்றொரு நூலிலிருந்து உருவான ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரில் செல்வக் குடிப் பிரபுவாக நடித்த ஸ்டீவ் டூசேன்டும் இத்தகைய வசைகளுக்கு ஆளானார். பறக்கும் டிராகனை ஏற்றுக்கொள்பவர்களால் ஒரு செல்வந்தக் கறுப்பரை ஏற்க முடியவில்லையே என்ற பொருளில் அவர் சொன்ன மறுமொழி, கற்பனைக்கும் எல்லை போட்டு வைத்திருக்கும் மனங்களைத் தோலுரித்தது. ரசிகர் கூட்டம் ஒரே குரலுடையதன்று. அதற்குள்ளும் இடமும் வலமும் உண்டு, போராட்டமும் உண்டு.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அந்தத் தொடர்களை எழுதும் தொழிலாளர்களே வீதிக்கு வந்தனர். 2023 மே 2இல் தொடங்கிய எழுத்தாளர் சங்கத்தின் வேலைநிறுத்தம் 148 நாட்கள் நீடித்தது. ஜூலையில் நடிகர் சங்கமும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. இணையவழி ஒளிபரப்பின் வருமானத்தில் உரிய பங்கு, குறுகிய காலத்துக்கு மட்டும் எழுத்தாளரை அமர்த்தி அனுப்பிவிடும் முறைக்குத் தடை, செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுத்தாளரை வெளியேற்றுவதற்கு எதிரான பாதுகாப்பு ஆகியவை அவர்களின் கோரிக்கைகள். மார்ட்டினும் அந்த வேலைநிறுத்தத்தை ஆதரித்தார்.

குறுகிய காலத்துக்கு அமர்த்தி அனுப்பிவிடும் முறை என்றால் என்ன என்று ஸ்ரீசிட்டியில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் பார்க்கும் கதையை எழுதியவரும், அந்தக் கதை ஓடும் கைபேசியைப் பூட்டியவரும் ஒரே சிக்கலில் நிற்கின்றனர். “உங்களுக்குப் பிடித்த தொடரை எழுதியவர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் தெரியுமா?” என்று கேட்டுத் தொடங்கும் தோழரை எந்த ரசிகரும் விட்டு விலகமாட்டார்.

தோழர்கள் செய்ய வேண்டியது

முசோலினியின் சிறையில் இருந்தபடி கிராம்சி எழுதிய குறிப்புகளில் தொடர்கதைகளைப் பற்றிய பக்கங்கள் பல உள்ளன. இத்தாலிய எளிய மக்கள் ஏன் பிரெஞ்சுத் தொடர்கதைகளை விரும்பிப் படிக்கிறார்கள் என்று அவர் கேட்டார். மக்களின் ரசனையை அவர் பழிக்கவில்லை. நாட்டின் அறிவாளர்கள் மக்களின் உணர்விலிருந்து விலகி நின்றதால், மக்கள் தங்கள் கனவுக்கான தீனியை அயலாரிடம் தேட நேர்ந்தது என்பதே அவரது முடிவு. அந்தக் கதைகள் தாழ்த்தப்பட்டவரின் பழிதீர்க்கும் பகற்கனவுக்கு மருந்தாக அமைவதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

தமிழக இடதுசாரி இலக்கியத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். வந்தியத்தேவன் வாரந்தோறும் வலம் வந்துகொண்டிருந்த 1953இல் தான் தொ.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ வெளிவந்தது. கைத்தறி நெசவாளரின் வாழ்வைச் சொன்ன அந்த நாவல் செக் மொழிவரை சென்றது. கு. சின்னப்ப பாரதியின் ‘தாகம்’, 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணியைக் களமாகக் கொண்ட சோலை சுந்தரபெருமாளின் ‘செந்நெல்’ ஆகியவை கட்சி நூலகங்களின் அடுக்குகளில் இருக்கின்றன. அவற்றின் பாத்திரங்களைப் பற்றி நள்ளிரவு வரை சண்டை பிடிக்கும் வாசகர் கூட்டம் உருவாகவில்லை. காரணம் நூல்களில் மட்டும் இல்லை. நூலைக் கடமையாகக் கொடுத்து, கூட்டத்தில் சுருக்கம் சொல்லி, விவாதத்தை முடித்து வைக்கும் பழக்கத்திலும் உள்ளது.

விதிவிலக்கும் உண்டு. மதுரை நாடாளுமன்ற உறுப்பினர் சு. வெங்கடேசன் 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் எழுதிய ‘வீரயுக நாயகன் வேள்பாரி’ இளைஞர்களிடையே பேரலையை எழுப்பியது. அதற்கு ஓவியம் வரைந்தவர் மணியத்தின் மகன் மணியம் செல்வன். மூவேந்தரையும் நாயகராக்கிப் பழகிய தமிழ்ப் புனைவில், அந்த மூவரையும் எதிர்த்து நின்ற மலைநாட்டுக் குடிகளின் பக்கம் கதை நகர்ந்தது சிறு மாற்றமன்று. இயற்கையைத் தம் உடைமையாக்க வந்த பேரரசுகளுக்கும் அதனோடு இயைந்து வாழ்ந்த மக்களுக்கும் இடையிலான போராக வாசகர்கள் அதை உணர்ந்தனர். அதைத் திரைக்குக் கொண்டுவரும் விருப்பத்தை இயக்குநர் ஷங்கர் வெளிப்படுத்தியிருக்கிறார். அது படமாகும் நாளில் மீண்டும் ஒப்பீடு தொடங்கும்: எது நின்றது, எது வெட்டப்பட்டது? பாரி ஒரு வள்ளல் மன்னனாக மட்டும் நிற்கிறானா, அவனோடு நின்ற குடிகளும் தெரிகிறார்களா? அந்த விவாதத்துக்கு இடதுசாரி இளைஞர் அமைப்புகள் இப்போதே ஆயத்தமாக வேண்டும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு ஏதும் தேவையில்லை. தொழிற்சங்க அலுவலகத்தின் ஒரு மாலைப் பொழுதும் ஒரு திரையும் போதும். தொடரின் ஒரு பகுதியைக் கூடிப் பார்க்கலாம். அதற்குரிய நூலின் பகுதியைப் படிக்கலாம். அதன்பின் அந்தக் கதையில் உழுதவர் யார், சுமந்தவர் யார், நெல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். கல்கியைப் படித்து முடித்தவர் கையில் ‘செந்நெல்’லைக் கொடுக்கலாம். காவிரி ஒன்றே என்பதையும் கரைகள்தான் வேறு என்பதையும் அவரே கண்டுகொள்வார். கதையை ரசிப்பது குற்றமன்று என்று முதலில் சொல்லிவிட வேண்டும். ரசிப்பவர்தான் கேள்வியும் கேட்பார். வெறுப்பவர் கதவருகேயே நின்றுவிடுவார்.

இனி, வரதய்யபாளையத்துத் தேநீர்க் கடைக்குத் திரும்பலாம். துண்டறிக்கைக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டு, தோழர் ஒரு தேநீர் வாங்கிக்கொண்டு அந்த இளைஞர்களின் அருகில் அமர்வதாகக் கொள்வோம். எட்டாவது சீசனில் என்னதான் குறை என்று கேட்கட்டும். கால்மணி நேரம் அவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். பிறகு, அவையில் எழுந்து மக்களின் வாக்கைக் கேட்ட அந்தப் புத்தகப்பித்தனைப் பார்த்துப் பிரபுக்கள் ஏன் சிரித்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வியைக் கேட்கட்டும். அதற்கு விடை தேடத் தொடங்கும் இளைஞர், சட்டைப் பையிலிருக்கும் துண்டறிக்கையைத் தாமே எடுத்துப் பிரித்துப் படிப்பார்.